சிங்காரம் ஓட்டிய பஸ்

தார்ப்பாயில் ஒரு கிழிசல் இருந்தது. மழைக்காலத்தில் பஸ் கூரையின் மேல் மூட்டைகளுக்குப் போர்த்தும் தார்ப்பாய் அது. அன்று மாலை எங்கள் ஷெட்டில் நாடக மேடைக்குத் திரையாகத் தொங்கியது. அந்தக் கிழிசலில் ஒரு கண்ணை வைத்து நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை நாள். காலையிலேயே வண்டிகளைக் கழுவி, முகத்தில் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தோம். உடைத்த பூசணிக்காயின் விதைகள் இன்னும் மண்ணில் கிடந்தன. கற்பூர மணத்தை மீறிக்கொண்டு கிரீஸ் மணம் அடித்தது. பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இரண்டும் சீறிக்கொண்டிருந்தன. ஆண்கள் ஒரு புறமும் பெண்கள் ஒரு புறமுமாகக் கூட்டம் நிறைந்துவிட்டது.

கெலமங்கலத்திலிருந்து முனியம்மா வந்தார். வெள்ளைச் சேலையால் முக்காடிட்டிருந்தார். முன் பெஞ்சில் இடம் வைத்திருந்தோம். கை காட்டியும் உட்காரவில்லை. பெண்கள் பக்கத்தின் கடைசிக்குப் போய், ஷெட்டின் இரும்புத் தூண் ஒன்றின் மறைவில் தரையில் அமர்ந்தார்.

"வந்துட்டாங்களா?" என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. காதர் மேஸ்திரி. எங்கள் கம்பெனியின் தலைமை மெக்கானிக். முகத்தில் பாதிக்குத்தான் பவுடர் பூசியிருந்தார்.

"வந்துட்டாங்க. தூணுக்குப் பின்னால உக்காந்திருக்காங்க."

"அப்போ மேடையில அந்தப் பக்கம் நான் திரும்பவே மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

தனியொருவராகக் கியர் பெட்டியைத் தூக்கி மாட்டும் அந்த மனிதர் அஞ்சியதை அன்றுதான் கண்டேன். காரணம் எளியது. இன்னும் சிறிது நேரத்தில், இறந்துபோன எங்கள் டிரைவர் திம்மராயனாக அவர் மேடையேற வேண்டும். ஆனால் திம்மராயன் என்ற பெயரை எவரும் உச்சரிக்கக் கூடாது. தூணுக்குப் பின்னால் இருந்தவர் திம்மராயனின் மனைவி. நாங்கள் செய்வது மரியாதையா, அவமதிப்பா என்பதை அந்த அம்மாள் ஒருவர்தான் தீர்மானிக்க முடியும்.

மேட்டில் நின்ற வண்டி

இத்தொடரைத் தொடர்ந்து படித்து வரும் அன்பர்களுக்கு, கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டராயிருந்தது தெரியும். என் பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதற்குமேல் கற்றதெல்லாம், பயணிகள் படித்துவிட்டு ஸீட்டில் விட்டுச் சென்ற வாரப் பத்திரிகைகளிடம்தான். அந்த வண்டியின் டிரைவர் திம்மராயன் என்பதை மட்டும் இதுவரை எழுதாமலே வந்திருக்கிறேன். அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் வேறு எதையும் எழுத இடமிருக்காது என்று அஞ்சியதே காரணம்.

சூளகிரிக்கு இப்பால் ஒரு நீண்ட மேடு உண்டு. இன்றைய வண்டிகள் அதை மேடு என்றே அறியாமல் கடந்துவிடுகின்றன. அன்றைய வண்டிக்கு அது மலை. பாதி ஏறும்போதே ரேடியேட்டரில் தண்ணீர் கொதிக்கும். வண்டியின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பும். திம்மராயன் ஓரமாக நிறுத்திவிடுவார். கிளீனர் தகர டின்னை எடுத்துக்கொண்டு எங்கோ ஒரு கிணற்றைத் தேடிப் போவான். அவன் திரும்பி வரும் வரை வண்டி நிற்கும்.

வண்டிக்குள் இருப்பவர்கள் லேசானவர்கள் அல்லர். நாகரசம்பட்டியிலிருந்து மாங்காய்க் கூடையோடு வருகிறவர், பர்கூர்ப் பக்கம் கல் உடைக்கிறவர்கள், சந்தைக்கு ஆடு கொண்டு போகிறவர், மைசூர் எல்லைக்கு அப்பால் பெண் கொடுத்தவர். ஒருவர் தமிழில் ஏசுவார், மற்றவர் தெலுங்கில் ஏசுவார், மூன்றாமவர் கன்னடத்தில் ஏசுவார். ஏச்சு மூன்றானாலும் அதை வாங்கிக்கொள்ள நான் ஒருவன்தான்.

அப்பொழுது திம்மராயன் கதவைத் திறந்து இறங்குவார். தோளில் கிடக்கும் துண்டால் முகத்தைத் துடைப்பார். சாலையோரப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஏறி அமர்வார்.

"கூச்சோம்மா, கூச்சோ" என்பார் ஒரு கிழவியிடம், உட்காரச் சொல்லி. "ஸ்வல்ப இரி, ஸ்வாமி" என்பார் ஒரு வியாபாரியிடம், சற்றே பொறுக்கச் சொல்லி. பிறகு தமிழுக்கு வருவார்.

"இந்த பஸ்ஸு இருக்குதே, இது நம்முளுதே இல்லீங்க."

ஏசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடுவார்கள்.

"போன மார்கழியில ஓசூர்கிட்ட பனி. மூக்குக்கு முன்னால கை தெரியல. வண்டியை நிறுத்திட்டு ஒதுங்கப் போனேன். எதிர்ல பெங்களூரு வண்டி ஒண்ணு. அந்த டிரைவரும் நிறுத்திட்டு ஒதுங்கப் போனாரு. திரும்பி வந்து ஏறுனேன், எடுத்தேன், வந்துட்டேன். கிருஷ்ணகிரியில வெயில் வந்து பார்த்தா, உள்ள இருக்கறவங்க பூரா கன்னடத்துல திட்டறாங்க. அந்தாளு நம்ம ஜனத்தை ஏத்திக்கினு பெங்களூரு போயிட்டாரு. இன்னி வரைக்கும் மாத்திக்கவே இல்ல."

"அடப் பொய்யி!" என்பார் ஒருவர்.

"பொய்யின்னா கண்டக்டரைக் கேளுங்க. பாவம், நம்ம கண்டக்டரும் அந்த வண்டியோட போயிட்டாரு. இவரு அவங்க ஆளு. அதனாலதான் சில்லறை சரியாத் தர மாட்டேங்கறாரு."

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் கடுகடுப்பாகத் தலையசைக்க வேண்டும். அது என் கடமை. கிளீனர் தண்ணீரோடு வந்து நின்றாலும் எவரும் எழ மாட்டார்கள். "இருப்பா, முடிக்கட்டும்" என்பார்கள்.

பிரேக் அறுந்த வண்டியைத் தன் முதுகு கொடுத்து நிறுத்திய தேன்கனிக்கோட்டை யானை, காயாக ஏற்றி இறக்கும்போது என்ஜின் சூட்டில் பழுத்துப்போன மாங்காய்க் கூடை, என்று அவரிடம் இருந்த சரக்கு ஏராளம். ஒரே கதையை இரண்டாம் முறை சொல்லும்போது யானை சற்று வளர்ந்திருக்கும்.

மாகாணங்களைப் பிரிக்கும் பேச்சு நடந்த நாட்கள் அவை. ஓசூர் எந்தப் பக்கம் போகும் என்று வண்டிக்குள்ளேயே வாக்குவாதம் மூளும். ஒருமுறை இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். திம்மராயன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சீக்கிரம் முடிவு பண்ணிச் சொல்லுங்கப்பா. எந்த ராஜ்யத்துல பிரேக் போடணும்னு எனக்குத் தெரியணும்" என்றார். பிடித்த கைகள் தாமாகத் தளர்ந்தன.

நல்லவர் என்று மட்டும் அவரைச் சொல்லிவிட்டால் அவரே எழுந்து வந்து சிரிப்பார். முன்கோபி. கிளீனரைத் திட்டும் சொற்களைப் பத்திரிகையில் அச்சிட இயலாது. சீட்டாட்டத்தில் கள்ளம் செய்வார். பிடிபட்டால் சீட்டுகளைக் கலைத்துவிடுவார். காதர் மேஸ்திரியோடு நாள்தோறும் சண்டை. "உன் கை பட்டாலே என் வண்டிக்குச் சளி புடிக்குது மேஸ்திரி" என்பார். "நீ பேசாம ஓட்டுனா வண்டி நூறு வருசம் ஓடும்" என்பார் மேஸ்திரி.

மாசி மாதம்

அவருடைய கண்கள் மஞ்சளாயிருப்பதை முதலில் கண்டவர் காதர் மேஸ்திரிதான். "என்னய்யா, கண்ணுல ஹெட்லைட்டு போட்டுக்கினியா?" என்று கேலி செய்தார். திம்மராயனும் அதற்கு ஒரு பதில் சொன்னார். சில நாட்களில் ஸ்டியரிங்கைத் திருப்பவே வலுவில்லாமல் போயிற்று. கீழாநெல்லி கொடுத்தார்கள், நாட்டு வைத்தியர் ஒருவரிடம் அழைத்துப் போனார்கள், பிறகு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி. மாசி மாதம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பது வயதுகூட இராது.

அதன் பிறகு அதே மேட்டில் வண்டி நின்றது, ஆவி கிளம்பியது, கிளீனர் தண்ணீருக்குப் போனான். புதிய டிரைவர் நல்ல மனிதர். இறங்கி நின்று பீடி பற்றவைத்தார். பயணிகள் மூன்று மொழிகளிலும் என்னை ஏசினார்கள். அந்த ஏச்சைக் கேட்டபடி நின்றபோதுதான் திம்மராயன் இறந்துவிட்டார் என்பது எனக்கு முழுவதும் உறைத்தது.

ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு ஷெட்டில் ஒரு நாடகம் போடுவது எங்கள் வழக்கம். எழுதுவது நான். பெரும்பாலும் ராஜா, மந்திரி, சதிகாரத் தளபதி என்றே எழுதுவேன். அவ்வாண்டு ஆவணியில் எல்லாரும் கூடிப் பேசினோம்.

"இந்த வருசம் ராஜா வேணாம். திம்மராயன் நாடகம் போடுவோம்" என்றார் காதர் மேஸ்திரி. "நோட்டீஸ்ல அவன் பேரைப் பெரிசாப் போடணும். மேடையில அவன் பேரைச் சொல்லிக் கூப்புடணும். அந்தப் பேரு இந்த ஷெட்டுல கேட்டு எத்தினி மாசம் ஆவுது!"

யாருக்கும் மறுப்பு இல்லை. ஆயினும் வீட்டாரிடம் சொல்லாமல் செய்வது முறையன்று என்பதால், நானும் மேஸ்திரியும் கெலமங்கலம் புறப்பட்டோம்.

சென்னப்பன் விதித்த நிபந்தனை

திம்மராயனுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் மறைந்த பின் முனியம்மா தம் அண்ணன் சென்னப்பனின் வீட்டில் இருந்தார். சென்னப்பன் குடியானவர், ராகிக் கொல்லையிலிருந்து நேரே வந்து எங்களுக்கு மோர் கொடுக்கச் சொன்னார். முனியம்மா கதவின் பின்னால் நின்றார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

சென்னப்பன் சொம்பைக் கீழே வைத்தார். "செத்தவரை வேசம் கட்டி ஆடப் போறீங்களா?"

"கேலிக்கில்லீங்க. மரியாதைக்கு" என்றேன்.

"மரியாதைதான். யாரு இல்லேன்னா? ஆனா வருசம் திரும்பல. தெவசம் முடியற வரைக்கும் அவரு இன்னும் இங்கதான் சுத்திக்கினு இருப்பாரு. பேரைச் சொல்லிக் கூப்புட்டா வந்து நிப்பாரு. வந்தவரை அப்புறம் யாரு அனுப்பறது? நீங்களா?"

காதர் மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் மோரைப் பார்த்தேன்.

"பேரு சொல்லக் கூடாது. அவரு போட்ட சட்டை, துண்டு எதையும் மேல போடக் கூடாது. வேற யாரோ ஒருத்தன் கதைன்னு ஆடுனா, அது உங்க இஷ்டம். அதை வேணாங்கறதுக்கு நான் யாரு?"

அந்த நிபந்தனை எங்களுக்குப் பெரும் ஏமாற்றமாயிற்று. பெயரே கூடாதென்றால் எதற்காக நாடகம்? தயக்கத்தோடு நான் கதவுப் பக்கம் திரும்பி, "நீங்க என்னாம்மா சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"அவரு இருந்தா என்னா சொல்லியிருப்பாரோ எனக்குத் தெரியாதுங்கண்ணா" என்றார் முனியம்மா. அவ்வளவே.

இவ்விடத்தில் இளைய வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்காலத்தில் எங்கள் பகுதியில் எந்தப் பெண்ணும் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். பிள்ளையுள்ளவள் 'இன்னாருடைய அப்பா' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். பிள்ளையில்லாத முனியம்மாவுக்கு அந்த வழியும் இல்லை. 'அவரு' என்ற ஒரு சொல்லிலேயே ஒரு மனிதரின் வாழ்வு முழுவதையும் வைத்திருந்தார்.

திரும்பும் வழியில் ஓசூர் வந்ததும் மேஸ்திரி, "பேரு இல்லாம அவனை எப்புடிய்யா மேடையில ஏத்தறது? நம்பர் பிளேட்டு இல்லாத வண்டி மாதிரி" என்றார்.

புதுப் பெயர், பழைய ஆள்

வேறு பெயர் தேடினோம். ஷெட்டில் எவருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயர்க்காரன் தன்னைக் குறிப்பதாகச் சண்டைக்கு வருவான். கோவிந்தன், நாகப்பன், மாரப்பன் எல்லாம் கழிந்தன. சிங்காரம் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் வட்டாரத்தில் அதிகம் கேள்விப்படாத பெயர். 'சிங்காரம்' என்று எழுதிவிட்டு, ஒரு நண்பரின் பொருளைத் திருடிய உணர்வோடு அமர்ந்திருந்தேன்.

பெயரைத்தான் எடுத்துவிட்டோம், புகழையேனும் நிறையக் கொடுப்போம் என்று எண்ணினேன். முதலில் எழுதிய நாடகத்தில் சிங்காரம் ஒரு மகான். ஒத்திகையில் காதர் மேஸ்திரி முதல் வசனத்தைப் படித்தார்.

"'பெருமதிப்பிற்குரிய பயணிகளே! இன்னல் கண்டு கலங்காதீர்...' யோவ், யாருய்யா இது?"

"சிங்காரம்."

"இவன் டிரைவரா, பாதிரியாரா? திம்மராயன் என்னிக்காவது கலங்காதீர்னு சொன்னானா? 'கம்முனு கிடய்யா'ன்னுதான் சொல்லுவான். நானும் பார்க்கறேன், முழு நாடகத்துல இவன் ஒருத்தனைக்கூடத் திட்டல. சீட்டாட்டத்துல ஏமாத்தல. இவனை எனக்குத் தெரியாது. தெரியாதவனுக்கு நான் வேசம் கட்ட மாட்டேன்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் மேஸ்திரி சொன்னதில் நியாயமிருந்தது. திம்மராயன் என்ற பெயர் இருந்தால் அவர்மேல் ஒரு குறையும் சொல்ல எங்களுக்கு நா எழுந்திராது. இவன் சிங்காரம், யாரோ ஒருவன். இவன் பொய் சொல்லலாம், சீட்டைக் கலைக்கலாம், மெக்கானிக்கோடு சண்டை போடலாம். அன்றே தாள்களைக் கிழித்தேன். பிறகு நான் எழுதவில்லை, ஷெட்டே எழுதிற்று. ஒரு டிரைவர் யானைக் கதையைக் கொண்டு வந்தார். கிளீனர் தான் வாங்கிய திட்டுகளில் சபைக்கு ஏற்றவற்றைப் பொறுக்கிக் கொடுத்தான். பனிக் கதையை நான் சொன்னேன். மேஸ்திரி தம்மைப் பற்றிய வசைகளையெல்லாம் தாமே ஒப்பித்து, ஒன்றுகூட விடுபடாதபடி பார்த்துக்கொண்டார்.

கடைசிக் காட்சியில் சிங்காரம் நோயுற்று இறப்பதாக எழுதியிருந்தேன். எல்லாருக்கும் படித்துக் காட்டினேன்.

"அவனை மறுபடியும் சாவடிக்காதே" என்றார் மேஸ்திரி. "ஒரு தரம் போதும்."

அந்தக் காட்சியை நீக்கினேன். நாடகத்தின் முடிவில் தண்ணீர் வருகிறது, சிங்காரம் வண்டியை எடுக்கிறான், அவ்வளவே.

பூஜைக்குச் சில நாட்கள் முன்பு சென்னப்பன் ஷெட்டுக்கு வந்தார். முகத்தில் குழப்பம். "என் தங்கச்சி நாடகம் பார்க்கணுங்குது. இந்த வருசம் வாசப்படி தாண்டக் கூடாதும்மான்னு சொன்னேன். 'அது யாரோ சிங்காரம்னு நீதானே சொன்னே? யாரோ ஒருத்தன் நாடகத்தை நான் பார்த்தா என்னா?'ங்குது. எனக்குப் பதில் வரல. கூட்டிக்கினு வர்றேன். அது மனசு நோகற மாதிரி ஒண்ணும் வெச்சுடாதீங்க, சாமி."

திரை விலகியது

மேடையில் நான்கு பெஞ்சுகளை இரண்டிரண்டாகப் போட்டு, முன்னால் உண்மையான ஸ்டியரிங் ஒன்றை ஒரு கட்டையில் மாட்டியிருந்தோம். காதர் மேஸ்திரி புதுக் காக்கிச் சட்டையில் வந்து உட்கார்ந்து, ரப்பர் ஹாரனை அமுக்கினார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

வண்டி மேட்டில் நின்றது. பயணிகள் மூன்று மொழிகளில் ஏசினார்கள். கண்டக்டராக நானே நடித்தேன். அதற்கு எனக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. மேஸ்திரி இறங்கி, தோளில் ஒரு புதுத் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு பெட்டியின் மேல் அமர்ந்தார்.

"இந்த பஸ்ஸு இருக்குதே, இது நம்முளுதே இல்லீங்க."

சிரிப்பு எழுந்தது. முதல் வரிசையில் இருந்த டிரைவர்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். சந்தைக்காரப் பெண்கள் சிலர் எங்கள் வண்டியில் வாராவாரம் வருகிறவர்கள். அவர்களில் ஒருத்தி, "ஐயோ, அதே ஆளுடீ!" என்று கூவிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் தூண் பக்கம் பார்த்தேன். முனியம்மா சிரிக்கவில்லை. யானைக் கதை வந்தது, அப்பொழுதும் சிரிக்கவில்லை. சிங்காரம் சீட்டுகளைக் கலைத்தான், ஷெட் அதிர்ந்தது, அந்த முகம் மட்டும் அசையவில்லை. என் வசனம் ஒன்றை மறந்தேன். மேஸ்திரி, "என்னா கண்டக்டரே, அந்த பெங்களூரு வண்டியை நெனச்சிக்கினியா?" என்று சமாளித்தார், அதற்கும் சிரித்தார்கள்.

மறுபடி பார்த்தபோது தூணருகில் அவர் இல்லை. எழுந்து போய்விட்டார் என்றே எண்ணினேன். பிறகுதான் கண்டேன். பெண்களுக்கிடையே வழி செய்துகொண்டு, முன் வரிசைக்கு வந்து தரையில் அமர்ந்திருந்தார். முக்காடு தோளில் நழுவிக் கிடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒரு கடிதத்தைப் பிறர் படிக்கக் கேட்பதுபோல், மேஸ்திரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்து சுண்டலும் பொரியும் வழங்கிக்கொண்டிருந்தார்கள். பவுடர் வழியும் முகத்தோடு மேஸ்திரி ஒரு வண்டியின் படியில் அமர்ந்திருந்தார். முனியம்மா எங்களிடம் வந்தார், பின்னாலேயே சென்னப்பன்.

"கண்டக்டரண்ணா, இந்தச் சிங்காரம் நெசமாலுமே இப்புடித்தான் பேசுவானா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேள்வியினால் அன்று. 'பேசுவானா' என்றாரே, அதனால்.

"இதுக்கும் மேலயே பேசுவாரும்மா. நாங்க கொஞ்சம்தான் காட்டினோம்."

"நாளு பூராவுமா?"

"வண்டி நின்னா போதும்மா."

"எங்க வூட்டுப் பக்கம் இந்த ஆளு வந்ததே இல்லீங்க" என்றார் முனியம்மா. "சாயங்காலம் வருவாரு. காலு கழுவுவாரு. களி போட்டுக் குடுத்தா துன்னுவாரு. குழம்பு நல்லாருக்குதா, இல்லையா, ஒண்ணும் வராது. படுத்துக்குவாரு. எனக்கு வாய்ச்சது ஊமைச்சாமின்னு நெனச்சிக்கினே இருந்துட்டேன். ஏதோ என் மேல கோவம்னுகூட நெனச்சேன்."

நாங்கள் மரியாதை செய்வதாக நினைத்து, அந்த அம்மாளிடம் இல்லாமற்போன ஒன்றைக் கூட்டத்துக்கு நடுவில் விரித்துக் காட்டியிருக்கிறோம் என்று எனக்குப் பட்டது.

முனியம்மா மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். காக்கிச் சட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஏம்ப்பா சிங்காரம்!"

மேஸ்திரி துள்ளி எழுந்தார்.

"போறவங்க, வர்றவங்க, ஆட்டுக்காரன், மாட்டுக்காரன், எல்லாருக்கும் அவுத்து வுட்டியே. எங்கிட்டயும் ஒரு பொய்யி சொல்லியிருக்கலாமில்ல?"

"அம்மணி!" என்று சென்னப்பன் பதறினார்.

"நீ கம்முனு இருண்ணா. நான் என்னா எங்கூட்டுக்காரரையா கேட்டேன்? இந்த ஆளைத்தானே கேக்கறேன்."

காதர் மேஸ்திரி என்னைப் பார்த்தார். இந்த இடத்துக்கு நான் வசனம் எழுதியிருக்கவில்லை. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுக்கிக்கொண்டு, தலை குனிந்து, "தப்புதான் தாயி" என்றார். "பகல் பூரா கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கும். வைத்தியரு, 'பொழுது சாய்ஞ்சா பேசுனே, குரலே போயிடும்'னு சொல்லிட்டாரு. மைசூரு மகாராஜா அரமனை வைத்தியரு தாயி. அவரு பேச்சைத் தட்ட முடியுமா?"

முனியம்மா அவரையே பார்த்தார். உதடுகள் கோணின. "இதா, சொல்லிட்டான் பாரு ஒரு பொய்யி!" என்று சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அழுகையாயிற்று, அழுகைக்கு நடுவில் மறுபடியும் சிரிப்பு வந்தது. சந்தைக்காரப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். கடைசி வண்டி புறப்படும் வரை, சிங்காரம் எப்படிப் படுப்பான், எந்தக் காய்க்கு முகம் சுளிப்பான், கோழி கூவுமுன் எழுந்து அடுப்புக்கு விறகு பிளந்து வைத்துவிட்டுச் சொல்லாமல் எப்படிப் போய்விடுவான் என்று அவரே அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் இருந்த சிங்காரத்தை நாங்கள் அன்றுதான் அறிந்தோம்.

தெவசம் முடிந்த பின்

மறு ஆண்டு மாசியில் திதி நடந்தது. எங்கள் ஷெட்டிலிருந்து பலர் போயிருந்தோம். இலை போட்டுச் சாப்பிட்டு எழுந்த பின், சென்னப்பனே என்னையும் மேஸ்திரியையும் தனியே அழைத்தார்.

"வருசம் திரும்பிடுச்சு. இனிமே தடையில்ல. உங்க நாடகத்துல அவரு பேரையே போட்டுக்குங்க. நானும் வந்து முன்னால உக்காந்து கேக்கறேன்."

மேஸ்திரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முந்தைய ஆண்டு எங்களுக்குக் கிடைக்காமற்போனது கைக்கு வந்துவிட்டது. நோட்டீஸில் அந்தப் பெயரை எந்த மையில் அச்சிடுவது என்றுகூட அங்கேயே பேசத் தொடங்கிவிட்டோம்.

பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த முனியம்மா, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இம்முறை கதவின் பின்னால் நிற்கவில்லை.

"வேணாங்கண்ணா. சிங்காரமே இருக்கட்டும்."

"ஏம்மா? அவரு பேரு நிலைக்கணும்னுதானே இவ்வளவும்?" என்றேன்.

"அவரு பேரு நிலைக்கும். நீங்கல்லாம் சொல்றீங்க, ஊரு சொல்லுது. என்னால சொல்ல முடியுமா? அந்தப் பேரு மேடைக்கு வந்தா, நான் தலை குனிஞ்சு கேட்டுக்கினுதான் உக்காந்திருக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "சிங்காரம்னா நான் கூப்புடலாம். திட்டலாம். இன்னும் அவனை நான் கேட்டு முடிக்கல."

சென்னப்பன் எங்களைப் பார்த்தார்.

அவ்வாண்டு ஆயுத பூஜைக்கும் சிங்காரமே பஸ் ஓட்டினான்.